எல்லாப் பத்திரிகையிலும் ஒரே தாய்மாமன்

என் கல்யாணத்தன்று, முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரமே இருக்கும்போது, கல்யாணப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அச்சகத்துக்கு ஓடிப்போய் எழுத்துக் கோர்த்தவள் நான். கையெல்லாம் மை. மருதாணி எது, அச்சு மை எது என்று மாப்பிள்ளைக்குக் கடைசிவரை தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வேண்டாத வரி.

எழுபதுகளில் எங்கள் தீவில், ஜங்லிகாட் கடைத்தெருவில் ஒரு சின்னத் தமிழ் அச்சகம் இருந்தது. முதலாளி ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து குடையும் டார்ச் லைட்டும் விற்க வந்த முஸ்லிம். ஊரில் யாரோ விற்ற பழைய அச்சு மிஷினைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, குடைக்கடையை அச்சகமாக்கியவர். எல்லோருக்கும் அவர் பாய். என் அப்பா சாத்தம் மரமில்லில் வேலை பார்த்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பாயின் மனைவி என்னைத் தாள் அடுக்குவதற்கு அழைத்துப் போனார். நான் தாளை அடுக்கிக்கொண்டே வருகிற போகிறவர்களிடம் எல்லாம் வாயடிப்பதைப் பார்த்த பாய், "இதோட கைக்கு வேலை குடுத்தாத்தான் வாய் அடங்கும்" என்று எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டார். கை பழகியது. வாய் அடங்கவில்லை.

கல்யாணப் பத்திரிகையை நாங்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கோர்ப்பதில்லை. யாருக்கு நேரம்? முதன்முதலில் ஒரு கல்யாணத்துக்குக் கோர்த்த ஈய எழுத்துகளை அப்படியே இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கி, அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தார் பாய். அதைக் கட்டு என்போம். புதுக் கல்யாணம் வந்தால் கட்டை வெளியே இழுத்து, பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், பெற்றவர்கள் பெயர், நாள், நேரம், இடம் மட்டும் மாற்றி, மறுபடி இறுக்கி மிஷினில் ஏற்றிவிடுவோம். மற்றதெல்லாம் பழைய கல்யாணங்களின் மிச்சம்.

மிச்சம் என்றால் கொஞ்சநஞ்சமா? மேலே இரண்டு மயில், இரண்டு குத்துவிளக்கு, ஒரு யானை. அந்த யானை யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. சாமிகள் வரிசையாக நின்றார்கள். ஒருவர் முருகனைப் போடச் சொன்னார், அடுத்தவர் பெருமாளை, அதற்கடுத்தவர் தன் ஊர் அம்மனை. போட்டதை எடுக்க பாய்க்குப் பயம். "நான் சேப்பேன் புள்ள, எடுக்க மாட்டேன். உங்க சாமிங்க மேல கை வச்சுட்டு நான் திரும்பக் கப்பல்ல ஊருக்குப் போக வேணாமா?" என்பார்.

அதற்குக் கீழே 'ஹேவ்லாக் அன்பர்கள் முதல் நாளே படகு ஏறவும்' என்று ஒரு வரி. எந்தக் காலத்திலோ ஒரு வீட்டுக்கு ஹேவ்லாக் தீவில் சொந்தம் இருந்திருக்கிறது. அதற்கும் கீழே 'மண்டபத்துக்கு வாகன வசதி உண்டு.' முதல் கல்யாணத்துக்குத் துறைமுக லாரி ஒன்று கிடைத்ததாம். அதன் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் ஒரு சைக்கிள்கூட வந்ததில்லை. ஆனாலும் அந்த வரியை நம்பிக் கைக்குழந்தையோடு சாலை ஓரம் நின்ற குடும்பங்கள் உண்டு. நின்று நின்று பார்த்துவிட்டு, மேடேறி நடந்து, வியர்த்துக் கொட்ட வந்து சேர்வார்கள். மணமக்களை வாழ்த்துவதற்கு முன் பத்திரிகை அடித்தவனைத்தான் வாழ்த்துவார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில், 'தங்கள் வரவை ஆவலுடன் எதிர்நோக்கும்' என்பதன் கீழே, தாய்மாமன் என்று போட்டு ஒரு பெயர், பக்கத்தில் ஜங்லிகாட். முதல் கல்யாணத்தில் பெண்ணுக்குத் தாய்மாமனாக இருந்தவர் அவர். துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணமாகாதவர். அக்கா குடும்பம் கொஞ்ச நாளில் மெயின்லேண்டுக்கே திரும்பிப் போய்விட்டது. பத்திரிகைக் கட்டில் மட்டும் அவர் தங்கிவிட்டார்.

தங்கியது அப்படி ஒன்றும் மர்மமில்லை. அடுத்த கல்யாணத்துக்கு வந்தவரிடம் பாய் கேட்டிருக்கிறார்: "பொண்ணுக்குத் தாய்மாமன் பேர் சொல்லுங்க."

"மாமன் ஊர்ல இருக்காரு பாய். கப்பல் டிக்கெட் கிடைக்கல. இங்க மாமனுக்கு எங்க போவேன்?"

பாய் யோசித்திருக்கிறார். ஒரு வரியை உருவினால் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஆடும். மறுபடி ஈயத்துண்டு வைத்து எல்லாவற்றையும் இறுக்க வேண்டும். "சரி, இந்த மாமனே இருக்கட்டும். எடம் காலியா கெடந்தா பாக்க நல்லா இருக்காது" என்று மிஷினை ஓட்டிவிட்டார். தீவில் இருந்த பாதி வீடுகளின் கதையும் அதுதான். மாமன் ஊரில், நடுவில் கடல், டிக்கெட் எப்போதோ. அதனால் ஜங்லிகாட் மாமா எல்லாப் பத்திரிகையிலும் இருந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, அச்சில் வந்ததை அவர் அச்சுப் பிசகாமல் நிறைவேற்றினார். பத்திரிகையில் பெயர் இருக்கிறதே! கல்யாணத்தன்று டூட்டிக்கு லீவு போடுவார். சரிகைக் கரை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் மாலை. பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வருவார். எந்த வீடு, எந்த சாதி, எந்த ஜில்லா என்று பார்ப்பதில்லை. ஒரு தடவை பெண் வீடு தெலுங்கு. அவர்கள் வழக்கப்படி தாய்மாமன் பெண்ணை மூங்கில் கூடையில் உட்காரவைத்துத் தூக்கி வர வேண்டும். பெண் நல்ல வாட்டசாட்டம். மாமா ஒரு வார்த்தை பேசாமல் துறைமுகத்து மூட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கிவிட்டார். பிறகு ஒரு வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முஸ்லிம் வீட்டுப் பத்திரிகைக்கு பாய் தனிக் கட்டு வைத்திருந்தார், அதில் மாமா கிடையாது. ஆனால் பிரியாணிக்கு மாமா உண்டு.

கொஞ்ச காலத்தில் மாமாவை இந்திக்காரர்கள்கூட மாமாஜி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தெருவில் போகிற புதுப்பெண்கள் எல்லாம் அவரைக் கண்டால் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள்.

இப்படி இருக்கையில் எங்களுக்கு 'ம' பஞ்சம் வந்தது. எழுத்துகள் மெட்ராஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். அனுப்பியவன் வேறு எழுத்தை அள்ளிப் போட்டு அனுப்பிவிட்டான். இங்கே இருந்த 'ம' பாதி தேய்ந்தது, மீதி கல்யாணக் கட்டுக்குள் சிறை. மணமகன், மணமகள், மங்களம் என்று கல்யாணமே அந்த எழுத்தில்தானே நடக்கிறது! அந்த நேரம் பார்த்து ஒரு மளிகைக்கடைக்காரர் நோட்டீஸ் அடிக்க வந்தார். மல்லி, மஞ்சள், மாவு, மைதா, மண்ணெண்ணெய். அவர் விற்றதெல்லாம் 'ம'தான். பாதி நோட்டீஸ் கோர்ப்பதற்குள் பெட்டி காலி.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "கல்யாணக் கட்டைப் பிரிச்சுப் பாரு புள்ள. வேண்டாததை எல்லாம் எடு."

அடேயப்பா, இந்த வார்த்தைக்காகத்தானே நான் காத்திருந்தேன்! ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்கவில்லை. அதில் என்ன சுவாரசியம்? ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒன்றை உருவுவேன். பத்திரிகையை வாங்கிப் போகிறவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்ப்பேன். முதலில் யானை போயிற்று. யாரும் கேட்கவில்லை. ஒரு மயில் போயிற்று. தனியாக நின்ற மயிலைப் பற்றியும் யாரும் கவலைப்படவில்லை, பாவம், அதையும் எடுத்தேன். ஹேவ்லாக் அன்பர்களைப் படகிலிருந்து இறக்கினேன். ஹேவ்லாக்கிலிருந்து ஒரு சத்தம் இல்லை. வாகன வசதியை ரத்து செய்தேன். அன்றைக்குத்தான் எல்லோரும் நேரத்துக்கு நடந்து வந்து சேர்ந்தார்கள். சாமிகளில் அந்தந்த வீட்டுச் சாமியை மட்டும் நிறுத்திக்கொண்டேன். பாய் மட்டும் எட்டிப் பார்த்து, "எடுத்தது நீதான், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவைத்தார்.

கடைசியில் கை தாய்மாமனிடம் வந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு இந்த மனிதர் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. அந்த ஒரு வார்த்தையில் மட்டும் இரண்டு 'ம'. உருவினேன். எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டேன். அவை நேராக மளிகைக்கடையின் அடுத்த நோட்டீஸ் மஞ்சளுக்கும் மாவுக்கும் போய்ச் சேர்ந்தன.

இரண்டு நாள் கழித்து மாமா அச்சகத்துக்கு வந்தார். கையில் அந்தப் பத்திரிகை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"இதுல ஏதோ விட்டுப் போயிருக்கு போல" என்றார்.

"ஒண்ணும் விட்டுப் போகல மாமா. 'ம' பத்தல. வேண்டாததை எல்லாம் எடுத்தாச்சு."

"எழுத்து பத்தலேன்னா என்னை எடுத்துடுவியா?"

"யானையையும்தான் எடுத்தேன். அது வந்து கேக்குதா?"

எனக்கு அப்போது வாய் அப்படி. மாமா சிரிக்கவில்லை. "அச்சா" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்தக் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. அடுத்ததற்கும் போகவில்லை. யாராவது நேரில் கூப்பிட்டால், "பத்திரிகையில பேர் இல்லாம எப்படிப்பா வர்றது? நான் யாருன்னு வந்து நிப்பேன்?" என்று கேட்டாராம். பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் விடுவேனா? "கல்யாணம் நடக்காம நின்னுச்சா? ஒரு தாலியாவது கழண்டு விழுந்துச்சா?" என்று கேட்டேன். பாய் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நிக்கோபார் பக்கம் கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்து அலுவலகத்திலிருந்து ஒருவர் சீட்டு அடிக்க வந்தார். கூலி ஆட்கள் வேலைக்கு வந்தால் கொடுக்கும் சீட்டு. என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். "பேருக்கு ஒரு கோடு, நாளுக்கு ஒரு கோடு. வேற எதுவும் வேணாம்" என்றார். மேலே தலைப்பு வேண்டாமா, கீழே நன்றி வணக்கம் வேண்டாமா என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இத்தனை சுருக்கமான ஆண்பிள்ளையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சீட்டு வாங்க அவர் வேண்டுமென்றே இரண்டு மூன்று தடவை வந்தார். பிறகு அவருடைய அம்மாவையே கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து கட்சாலில் குடியேறிய குடும்பம். அப்பாவுக்கும் சம்மதம். ஆனால் மாப்பிள்ளைக்கு லீவு கொஞ்சம்தான். முகூர்த்தத்துக்கு மறுநாள் நிக்கோபார் கப்பலில் அவர் டூட்டிக்குத் திரும்பியாக வேண்டும். அதை விட்டால் அடுத்த லீவு எப்போது என்று தெரியாது.

என் கல்யாணப் பத்திரிகையை நானேதான் கோர்த்தேன். பெண், மாப்பிள்ளை, நாள், இடம். முடிந்தது. பாய் புரூஃப் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது கல்யாணப் பத்திரிகையா, தந்தியா? இதைப் பாத்தா யாருக்கோ ஒடம்பு சரியில்லேன்னு பதறிக்கிட்டு வருவாங்க புள்ள!"

அம்மா அதைவிட ஒரு படி மேலே போனாள். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். அம்மாவுக்கு ஊரில் ஒரே தம்பி. அவரிடமிருந்து தீபாவளிக்குக்கூட ஒரு கார்டு வராது. ஆனால் அம்மாவின் பேச்சில் தம்பி வராத நாளே கிடையாது. "ஏட்டி, மயிலை எடு, வெளக்கை எடு, என்ன வேணா எடு. எந்தம்பி பேரை எடுத்தியோ, இந்தக் கல்யாணமே வேண்டாம்" என்று கண்ணைக் கசக்கினாள். சரி என்று தாய்மாமன் வரியைக் கோர்த்து, அம்மாவின் தம்பி பெயரைப் போட்டேன். ஒரு பிரதியை ஊருக்கும் அனுப்பினோம். கட்டாயம் வருகிறேன், மாலையும் கூறைப்புடவையும் என் செலவு என்று பதில் வந்தது. அம்மா அந்தப் பதிலை ஜங்லிகாட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஜங்லிகாட் மாமாவைக் கடைத்தெருவில் பார்த்தபோது நானே கூப்பிட்டேன். "மாமா, கல்யாணத்துக்கு வந்துருங்க."

"பத்திரிகை பாத்தேன்" என்றார். "நல்லா சுருக்கமா இருக்கு."

அவ்வளவுதான். போய்விட்டார். எனக்கு முகத்தில் அடித்தது போல் இருந்தது, ஆனால் ஒத்துக்கொள்வேனா? போனால் போகட்டும், எனக்குச் சொந்த மாமனே கப்பலேறி வருகிறார் என்று தோளைக் குலுக்கிவிட்டு வந்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மெட்ராஸ் கப்பல் வந்தது. அம்மாவும் அப்பாவும் துறைமுகத்தில் நின்று, கடைசி மூட்டை இறங்கும்வரை பார்த்தார்கள். மாமன் இறங்கவில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர்தான் சொன்னார். மாமன் மெட்ராஸ்வரை வந்திருக்கிறார். ஏணிப்படியில் காலும் வைத்திருக்கிறார். கப்பல் லேசாக ஆடியிருக்கிறது. "அடுத்த கப்பல்ல பாத்துக்கலாம்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். கூறைப்புடவையும் பெட்டியோடு போயிற்று. அப்பா அவசரத்துக்குக் கடைத்தெருவில் ஒரு புடவை எடுத்தார். அம்மா அன்று முழுக்கத் தம்பி பேச்சையே எடுக்கவில்லை.

மறுநாள் மேட்டுக் கோயிலில் எல்லாம் தயார். ஐயர் தயார், நாதஸ்வரம் தயார், மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்தாகிவிட்டது. நான் உள்ளே அலங்காரத்தோடு நிற்கிறேன். என் மாமியாராகப் போகிறவர் வந்தார்.

"பொண்ணுக்கு மாலை போட்டுக் கூட்டிவர்ற மாமன் எங்க?"

அம்மா கப்பல் கதையைச் சொன்னாள்.

"கப்பல்ல வரலேன்னா என்ன? இந்த ஊர்ல எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரு மாமன் வருவாராமே, கட்சால் வரைக்கும் அவர் பேரு வந்திருக்கு. எல்லாப் பத்திரிகையிலயும் பாத்தனே. அவரையும் காணோமா? ஒங்க வீட்டுல மட்டும் அவருக்கு என்ன கோவம்?" அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். மாமியார் விடவில்லை. "மாமன் கை தொடாத பொண்ணை எங்க தோட்டத்துல மணவறை ஏத்த மாட்டாங்க. சிலோன்லயும் அப்படித்தான், இங்கயும் அப்படித்தான். நல்ல நேரத்துக்குள்ள மாமன் வந்தா தாலி. இல்லேன்னா அடுத்த லீவுல பாக்கலாம்."

அடுத்த லீவு! மணவறையில் உட்கார்ந்திருந்த மனிதரை எட்டிப் பார்த்தேன். தலைப்பாகை காதுவரை இறங்கி, பரிதாபமாக என்னைப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் பேசவில்லை. அவருடைய சுருக்கம் எனக்கு முதன்முறையாகக் கோபம் வரவழைத்தது.

யாரை அனுப்பினாலும் மாமா வர மாட்டார். பத்திரிகையில் பெயர் இல்லாமல் அவர் ஒரு வாசலையும் மிதிக்க மாட்டார், அது எனக்குத்தான் தெரியும். புடவையைத் தூக்கிச் செருகினேன். பின்வாசல் வழியாக இறங்கி, சரிவில் ஒரே ஓட்டம். பின்னாலேயே பாய் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஏ புள்ள! பாகலா, பைத்தியமா நீ? தாலி கட்ட வேண்டிய நேரத்துல எங்க ஓடுற?"

"சாவியைக் குடுங்க பாய்!"

அச்சகத்தைத் திறந்தார். என் பத்திரிகைக் கட்டு சட்டத்தோடு அப்படியே இருந்தது. இனி எல்லோருக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் பிரிக்காமல் வைத்திருந்தேன். ஆப்பைத் தளர்த்தி, தாய்மாமன் என்பதை விட்டுவிட்டு, அம்மாவின் தம்பி பெயரை மட்டும் பிடுங்கி எறிந்தேன். ஜங்லிகாட் மாமாவின் பெயரில் நல்ல வேளையாக 'ம' இல்லை. அவசர அவசரமாகக் கோர்த்தேன். பாய் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு, "ஜல்தி, ஜல்தி. எழுத்தைச் சரியாப் பாரு, மனுசன் ஏற்கெனவே கோவத்துல இருக்கார். பேர்ல பிழை வந்துச்சு, அவ்வளவுதான்" என்று பதறினார். மிஷினில் ஏற்ற நேரமில்லை. உருளையால் மை தடவி, மேலே தாளை வைத்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி ஒரே ஒரு புரூஃப் எடுத்தேன். ஈரத்தோடு தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மாமாவின் அறை அடுத்த சந்தில். பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் மழித்திருந்தது. கொடியில் சரிகைக் கரை வேட்டி, தேய்த்து மடிப்புக் கலையாமல் தொங்கியது. மூலையில் ஈர வாழை இலைக்கு அடியில் ஏதோ மூடியிருந்தது. ஓரத்தில் பூ தெரிந்தது.

"மாலை எதுக்கு மாமா?"

"சும்மா. சாமிக்கு" என்றார். அந்த அறையில் சாமிப் படம் எதுவும் இல்லை.

தாளை நீட்டினேன். வாங்கினார். மேலிருந்து படிக்கவில்லை, கண் நேராக அடிக்குப் போயிற்று. பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு வாய் திறந்தது, ஆனால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. எனக்கே அது புதிதாக இருந்தது.

"எனக்குன்னு இந்தத் தீவுல இருந்தது அந்த ஒரு வரிதான்" என்றார். "அதையும் பிரிச்சுப் பெட்டியில போட்டுட்டே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இப்பக் கோத்துட்டேன் மாமா. என்னைத் திட்டிக்கிட்டே வாங்க, ஆனா வாங்க. தாலி கட்ட விட மாட்டேங்கிறாங்க. நாளைக்கு அவரு கப்பல் ஏறிடுவாரு."

"அழாதே, மை இழுவுது" என்று என் கன்னத்தைக் காட்டினார். அதற்குள் வேட்டி இடுப்பில் ஏறிவிட்டது. மாலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வாசலுக்கு வந்ததும் நின்று, பத்திரிகையை இன்னொரு தடவை பார்த்தார்.

"வாகன வசதி உண்டுன்னு போடுவியே, அது எங்க?"

"அதையும் எடுத்துட்டேன் மாமா."

"அரே! இந்த மேட்டை இந்தப் புடவையோட எப்ப ஏறி முடிப்பே?"

அச்சகம்வரை ஓடினோம். வாசலில் பாய் நின்றார், பக்கத்தில் தாள் கட்டு ஏற்றும் தள்ளுவண்டி. "ஏறு" என்றார் மாமா. துறைமுகத்தில் கப்பல் கப்பலாகச் சரக்கு இறக்கிய கை. ஏறினேன். அவர் தள்ள, பாய் சக்கரத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டே, "ஹட்டோ, ஹட்டோ! கல்யாணப் பொண்ணு வருது!" என்று ஜங்லிகாட் முழுக்கக் கத்தினார். கடைகளில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். மளிகைக்கடைக்காரர் கைதட்டினார். நான் மாமா கொடுத்த புரூஃப் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தாள் கட்டுபோல உட்கார்ந்திருந்தேன். கோயில் வாசலில் வண்டி நின்றதும் நாதஸ்வரக்காரரே வாசிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

மாமியாருக்கு என் முகத்து மையும் வண்டியும் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. "வந்தீங்களா? எங்க நீங்க வராம போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன்" என்று மாமாவைப் பார்த்துச் சொன்னார். மாமா எனக்கு மாலை போட்டார். கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போனார். தாலி ஏறியது. மாப்பிள்ளை என் காதில் "எங்க போயிருந்தே?" என்று கேட்டார். "ஒரு வரி விட்டுப்போச்சு" என்றேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

மறுநாள் அவர் கட்சாலுக்குப் போய்விட்டார். குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை நான் அம்மா வீட்டில். அந்த மை இழுத்த புரூஃப் தாளை அம்மா கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜங்லிகாட் மாமாவுக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு என்பது யாரும் பேசி முடிவுசெய்யாமலே வழக்கமாகிவிட்டது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த மெட்ராஸ் கப்பலில், அம்மாவின் தம்பி வந்து இறங்கினார். தோளில் பட்டுத்துண்டு, கையில் டிரங்குப் பெட்டி, அந்தக் கூறைப்புடவை. மூன்று நாள் வாந்தி எடுத்த முகம், ஆனால் மிடுக்குக் குறையவில்லை. உள்ளே வந்தவர், இலை போட்டு முதல் ஆளாக உட்கார்ந்திருந்த ஜங்லிகாட் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு தபாலில் வந்த பத்திரிகையைப் பையிலிருந்து உருவி நீட்டினார்.

"இது என்ன கூத்து? இதுல தாய்மாமன்னு எம்பேரு போட்டிருக்கு. அதுல வேற எவன் பேரோ இருக்கு. எது சரி?"

ஜங்லிகாட் மாமா இலையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். எனக்கு நாக்கு நுனியில் நாலு பதில் இருந்தது. ஆனால் அம்மாவைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். இந்தத் தம்பி பெயருக்காகத்தானே அவள் கல்யாணமே வேண்டாம் என்று நின்றாள்.

அம்மா சாதக் கரண்டியால் ஜங்லிகாட் மாமாவை உட்காரச் சொல்லிக் காட்டினாள். அவர் இலையில் சாதத்தைப் போட்டாள். நிமிரவில்லை.

"ஒங்கையில இருக்குறது வேண்டாத வரி, தம்பி" என்றாள். "எடுத்தாச்சு. போயி கையக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."